செக்யூர் பூட்: அணைப்பதா, ஷிம்மா, சொந்தச் சாவியா?

கணினி தொடங்கும்போது நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் இயங்க விடும் பாதுகாப்பு வசதிதான் செக்யூர் பூட். விண்டோஸ் 11 உள்ள கணினியில் லினக்ஸையும் சேர்க்க மூன்று வழி இருக்கிறது: அதை அணைப்பது, மைக்ரோசாஃப்ட் கையொப்பமுள்ள ஷிம் என்ற சிறு தொடக்க நிரலைப் பயன்படுத்துவது, சொந்தச் சாவியைப் பதிவது. எந்த வழியில் போனாலும், ஃபர்ம்வேர் (பயாஸ்/யுஇஎஃப்ஐ) அமைப்பைத் தொடும் முன் விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். ஹோம் பதிப்பிலும் டிஸ்க் குறியாக்கம் சத்தமில்லாமல் இயங்கிக்கொண்டிருக்கலாம். செக்யூர் பூட்டின் நிலை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் பதிவாகியிருப்பதால், அது மாறியதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டு நின்றுவிடும்.

செக்யூர் பூட்டை அணைப்பது ஐந்து நிமிட வேலை. என்விடியா டிரைவர் எந்தத் தடையுமின்றி ஏறும், ஹைபர்னேட்டும் வேலை செய்யும். விண்டோஸ் 11-ம் தொடங்கும், ஏனெனில் செக்யூர் பூட் வசதி இருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. ஆனால் சில ஆன்லைன் விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் மறுத்துவிடும். இயங்குதளத்துக்கு முன்பே ஏறிக்கொள்ளும் பூட்கிட் வகைத் தீநிரல்களுக்கும் கதவு திறந்துவிடுகிறது.

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது ஷிம் வழியைத்தான். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் 10-க்குப் பிந்தையவை எல்லாம் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம்மோடு வருகின்றன. சில லேப்டாப்களில் மட்டும் மூன்றாம் தரப்புச் சான்றிதழை ஃபர்ம்வேரில் அனுமதிக்க வேண்டியிருக்கும்; லினக்ஸ் நிறுவும் யுஎஸ்பி தொடங்க மறுத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இங்கே பலர் சறுக்குவது எம்ஓகே, அதாவது கணினி உரிமையாளர் ஷிம்முக்காகச் சேர்க்கும் சாவியின் பதிவில். என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவற்றின் மாட்யூல்கள் (லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோடு சேரும் துணைநிரல்கள்) பெரும்பாலும் உங்கள் கணினியிலேயே உருவாவதால் அவற்றுக்கு உங்கள் சாவியின் கையொப்பம் வேண்டும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீபூட்டில் நீலத்திரை வந்து சில நொடிகளே காத்திருக்கும்: ஏதாவதொரு விசையை அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய் அதே சொல்லைத் தட்டுங்கள். திரையைத் தவறவிட்டால் சாவி பதிவாகாது, மறுபடி கோர வேண்டும். அந்தத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பையே எடுத்துக்கொள்ளும் என்பதால் சிறப்புக்குறிகள் இல்லாத சொல்லே பாதுகாப்பு.

2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் அப்டேட் பழைய ஷிம்களை முடக்கி, பல இரட்டை பூட் கணினிகளில் லினக்ஸை எழ விடாமல் செய்தது. 'எஸ்பிஏடி' (பழைய ஷிம்களை முடக்கும் கொள்கை) பிழை தெரிந்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் கருவியால் அந்தக் கொள்கையை நீக்கி, ஷிம்மைப் புதுப்பித்த பிறகு மீண்டும் இயக்குங்கள். ஹைபர்னேட் மட்டும் இந்த வழியில் பொதுவாகக் கிடைக்காது. கெர்னலின் லாக்டவுன் என்ற பாதுகாப்புக் கட்டுப்பாடு அதைத் தடுக்கிறது.

சொந்தச் சாவி, ஆர்ச் லினக்ஸ் பயனர்கள் விரும்பும் வழி. ஃபர்ம்வேரை புதிய சாவிகளை ஏற்கும் செட்டப் நிலைக்கு மாற்றி, எஸ்பிசிடிஎல் கருவியால் சாவிகளை உருவாக்கிப் பதிய வேண்டும். மைக்ரோசாஃப்ட் சாவிகளையும் கட்டாயம் சேருங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் எழாது. கிராஃபிக்ஸ் கார்டின் ஃபர்ம்வேரும் நிராகரிக்கப்பட்டு, திரையே வராமல் போகலாம். இயங்குதளத்தைத் தொடங்கும் பூட்லோடரும் கெர்னலும் மாறும்போதெல்லாம் கையொப்பமிட வேண்டும் என்பதால், அதைத் தானாகச் செய்யும் ஹூக் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

பிட்லாக்கர் இயங்கும் கணினியில் விண்டோஸை லினக்ஸ் பூட்லோடரான கிரப்பின் மெனு வழியாகத் தொடங்கினால் மீட்புச் சாவி கேட்கும் வாய்ப்பு அதிகம். ஃபர்ம்வேரின் பூட் மெனுவிலிருந்தே விண்டோஸைத் தேர்ந்தெடுங்கள்.