சுத்தம் செய்வதா, கிட் மாற்றுவதா, புதிது வாங்குவதா? பெட்ரோல் மாதிரி விமானத்தின் கார்புரேட்டர் கோளாறுகள்

சோக் போட்டால் ஒரு முறை சீறிவிட்டு அணைந்துவிடுகிறது; அல்லது தரையில் ஒழுங்காக ஓடிவிட்டு, மேலே மூக்கைத் தூக்கியதும் திணறுகிறது. பெட்ரோலில் ஓடும் மாதிரி விமான என்ஜின் இப்படி மக்கர் செய்தால் மூன்று வழிகள் உண்டு: கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், உள்ளே இருக்கும் டயாப்ரம் (மெல்லிய சவ்வு), கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) ஆகியவற்றை ஒரு தொகுப்பாக, அதாவது கிட்டாக வாங்கி மாற்றலாம், முழு கார்புரேட்டரையும் புதிதாகப் போடலாம். பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் திருகுகளை ஓயாமல் திருகிக்கொண்டிருப்பதை நான்காவது வழியாக நான் சேர்க்கவில்லை. இரண்டு நீடில்களும் ஒன்றேகால், ஒன்றரைச் சுற்று திறந்திருந்தால் பெரும்பாலான என்ஜின்கள் ஓரளவாவது ஓடும். அதற்கு மேலும் திறந்துகொண்டே போக வேண்டியிருந்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

அந்த வேறிடம் சில நேரம் கார்புரேட்டருக்கு வெளியிலேயே இருக்கும். டாங்கிக்குள் இருக்கும் குழாய் விறைத்து வெடித்திருந்தால் பெட்ரோலோடு காற்றும் வரும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை மூடிய பிறகும் வேகம் குறையத் தயங்கினால், கார்புரேட்டரின் போல்ட் தளர்ந்து கேஸ்கெட் வழியே காற்று புகுகிறதா என்று பாருங்கள். இவ்விரண்டையும் பார்க்காமல் செலவு செய்வது வீண்.

சுத்தம் செய்வது மலிவு. அடைப்புக்கு மட்டும் மருந்து. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை இழுக்கும் பம்ப் பகுதியின் மூடியைத் திறந்தால் பெட்ரோல் நுழையும் இடத்தில் ஒரு சிறு கம்பி வலை தெரியும். தூசியும் குழாய்த் துகளும் அங்கேதான் சேர்கின்றன. முழு வேகத்தில் மட்டும் என்ஜின் வற்றிப்போனால் முதலில் இந்த வலையைப் பாருங்கள். ஆனால் டயாப்ரத்தைக் கழற்றாமல் கிளீனர் ஸ்பிரே அடித்தால் ரப்பர் கெடும். துளைக்குள் கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகும். கம்ப்ரஸர் காற்றை முழு அழுத்தத்தில் செலுத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு வால்வு பழுதாகலாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடைப்பைவிட டயாப்ரம் விறைப்பதையே நான் முதலில் சந்தேகிப்பேன். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்றும் உண்டு. மழைக்காலம் முழுவதும் டாங்கியில் பெட்ரோலை விட்டுவைத்தால், அடுத்த முறை திறக்கும்போது டயாப்ரம் பழைய அப்பளம்போல மொரமொரத்துக் கிடக்கும். கிரேங்க் அறையின் அழுத்தத் துடிப்பில் அசைந்து பெட்ரோலை இழுக்க வேண்டிய சவ்வு அது. விறைத்துவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் உயிர் வராது. தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்தெடுக்கும் வித்தையைச் சிலர் செய்கிறார்கள். ஆக்டேன் குறைந்து, ஈரமும் தங்கிய பெட்ரோல்தான் மிஞ்சும், வேண்டாம்.

ஆகவே என் தேர்வு கிட். வால்ப்ரோ நிறுவனத்தின் கார்புரேட்டருக்கு 'டி' வரிசை கிட்டில் டயாப்ரமும் கேஸ்கெட்டும் இருக்கும். 'கே' வரிசையில் பெட்ரோல் நுழையும் வழியை மூடித் திறக்கும் ஊசி வால்வு, அதை அசைக்கும் நெம்புகோல், வலை ஆகியவையும் சேர்ந்து வரும். நின்றிருக்கும் என்ஜினிலிருந்து பெட்ரோல் கசிந்தால் ஊசி வால்வு அமரவில்லை என்று பொருள், 'கே' வாங்குங்கள். மாட்டும் வரிசை முக்கியம். பம்ப் பக்கத்தில் உடலை ஒட்டி டயாப்ரம், அதன்மேல் கேஸ்கெட். என்ஜினுக்குப் போகும் பெட்ரோலை அளந்துவிடும் அளவீட்டுப் பக்கத்தில் உடலை ஒட்டி கேஸ்கெட், அதன்மேல் டயாப்ரம். தலைகீழாகப் போட்டுவிட்டுக் கிட்டைத் திட்டுபவர்கள் அதிகம். நெம்புகோலின் உயரத்தையும் கவனியுங்கள்: கூடினால் பெட்ரோல் வழியும், குறைந்தால் என்ஜின் பட்டினி கிடக்கும்.

இதற்காகச் சென்னைக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. மாதிரி விமான பெட்ரோல் என்ஜின்களில் பல, மரம் அறுக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின் ஆகியவற்றின் வழிவந்தவை. கார்புரேட்டரும் அதே குடும்பம். குலசேகரம், அருமனைப் பக்க ரப்பர் தோட்டங்களில் காடு வெட்டும் மெஷின்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளுக்கு இந்தச் சவ்வும் வலையும் அத்துப்படி. கார்புரேட்டர் உடலில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். எண் பொருந்தாத கிட்டை 'ஏறக்குறைய இதுதான்' என்று தந்தால் வாங்காமல் திரும்புங்கள்.

புதிய கார்புரேட்டர் எப்போது? த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடினாலோ, உடல் உப்பரித்திருந்தாலோ கிட்டில் காசைப் போடுவது வீண். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் என்ஜினைத் திறந்த வராந்தாவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த நிலை சீக்கிரமே வரும். அசல் கிடைத்தால் அசல். மலிவான நகல்களில் சில நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் வெஞ்சுரியின் (காற்று போகும் குறுகலான வழி) விட்டமும், கிரேங்க் அறையின் துடிப்பைப் பம்புக்குக் கொண்டுவரும் துளையின் இடமும் மாறியிருக்கலாம். துளையைக் கேஸ்கெட் மறைத்துவிட்டால் பம்ப் வேலையே செய்யாது. பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறியாமல், புதியதன்மேல் வைத்துத் துளைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு போல்ட்டை முடுக்குங்கள்.