பணிவை அளக்க: அவரையே கேட்பதா, அடுத்தவரைக் கேட்பதா?

முதல் வழி, ஆளையே கேட்பது. ஆஷ்டன், லீ என்ற உளவியலாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஹெக்சாகோ-60 என்பது ஆளுமையை அளக்கும் 60 கூற்று வினாத்தாள். அதில் நேர்மை-பணிவு என்ற குணத்துக்கு 10 கூற்றுகள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். சீக்கிரம் முடியும். ஆனால் பணிவானவர் தனக்குக் குறைத்துப் போட்டுக்கொள்வார், தற்பெருமைக்காரர் கூட்டிப் போடுவார் என்றால்?

இரண்டாவது வழி, அடுத்தவரைக் கேட்பது. அந்த ஆளோடு பழகியவர்கள் அவரைப் பற்றி நிரப்பும் வடிவமும் இதே வினாத்தாளுக்கு உண்டு. எனக்கு இதுதான் சரி. வியாசர்பாடியில் கேரம் நன்றாக ஆடும் ஒரு அண்ணனிடம் அவரைப் பற்றிக் கேட்டால் பேச்சே வராது. அவரிடம் தோற்ற பையனைக் கேளுங்கள்: "ஜெயிச்சதும் என் தப்பைச் சொல்லிக் கொடுத்தாரு. அப்புறம் அவரே போர்டைத் துடைச்சு வெச்சாருண்ணா." நண்பர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள்தான். அதனால் தோற்றவர், டீக்கடைக்காரர், வீட்டில் இருப்பவர் என நாலு பேரையாவது கேட்க வேண்டும்.