கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண்: நான்கு முழு அளவு பிக்கப்புகளும் என் தேர்வும்

2024 இலையுதிர் காலத்தில், இரண்டு ஆண்டுகள் ஓடிய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள வண்டி) ஒன்றை வாங்கினேன். எக்ஸ்எல்டி தரம், நான்கு கதவுகள், நான்கு சக்கர இயக்கம், 5.0 லிட்டர் வி8 எஞ்சின், ஆறரை அடித் தொட்டி. அதற்கு முன்னால் ஏறத்தாழ நான்கு மாதங்கள் ராம் 1500, செவர்லே சில்வராடோ 1500, டொயோட்டா டண்ட்ரா ஆகியவற்றையும் ஓட்டியும் ஏறி இறங்கியும் பார்த்தேன். எல்லாமே 2022ஆம் ஆண்டு மாடல்கள். நான் ஃபோர்டை வாங்கியவன் என்பதால் இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும். படிப்பவர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டினுக்குக் கிழக்கே, பாஸ்ட்ராப் வட்டாரத்தில் எங்களுக்கு ஏழு ஏக்கர் நிலமும் இருபது போயர் ஆடுகளும் இருக்கின்றன. சிறிய டீசல் டிராக்டர், அதன் முன் வாளி, புல்வெட்டி, இவற்றைச் சுமக்கும் இரட்டை அச்சு டிரெய்லர் எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 6,800 பவுண்டு, அதாவது 3,080 கிலோ. மாதத்திற்கு இரண்டு முறையாவது இதை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மற்ற நாட்களில் இதே வண்டியில்தான் பையன் பள்ளிக்குப் போகிறான்.

குதிரைத்திறனைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இந்த நான்கில் எதுவும் இந்தச் சுமையை இழுக்கத் திணறாது. 2022இல் விளம்பரங்கள் சொன்ன அதிகபட்ச இழுதிறன் எஃப்-150க்கு 14,000 பவுண்டு, சில்வராடோவுக்கு 13,300, ராமுக்கு 12,750, டண்ட்ராவுக்கு 12,000. என் சுமை இவற்றின் பாதியைச் சுற்றித்தான் வருகிறது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எதை வாங்கினாலும் சரிதான் என்றுதான் நானும் தொடங்கினேன்.

அந்தத் தாளைக் கிழிக்க வைத்தது ஓர் இரவல் வண்டி. இது என்ன வண்டி, யாருடையது என்பது இங்கே தேவையில்லை. விளம்பரக் கணக்குப்படி என் டிரெய்லரைத் தாராளமாக இழுக்க வேண்டிய வண்டிதான் அது. பின்பக்கம் இறங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்த்து, ஸ்டியரிங் பஞ்சு போலாகி, நெடுஞ்சாலை இறக்கத்தில் முன்சக்கரங்கள் தரையில்தான் இருக்கின்றனவா என்று சந்தேகம் வந்த பிறகு, ஓட்டுநர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருந்த சின்ன வில்லையை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டை ஒருபோதும் தாண்டக் கூடாது என்று மஞ்சள் பட்டையோடு அதில் அச்சிட்டிருக்கும். அதுதான் வண்டியின் சுமைதிறன். ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி எண். விளம்பரத்தில் இது வராது.

இழுப்பதற்கும் இந்த எண்ணுக்கும் என்ன தொடர்பு என்பதை மாட்டுவண்டி ஓட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. காங்கேயத்துப் பக்கம் என் அப்பா மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் அடுக்குவார். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கும். டிரெய்லரிலும் இதே கதைதான். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் அமர வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பாக நெளியும். அப்படிக் கொக்கியில் அமரும் எடையை இழுக்கும் சுமையாக எண்ணிவிடக் கூடாது. அது பிக்கப் முதுகில் சுமக்கும் சுமை. கதவுத் தூணின் எண்ணிலிருந்துதான் அதைக் கழிக்க வேண்டும்.

என் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 6,800 பவுண்டில் 12 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 820 பவுண்டு முன்பாரம். நான், மனைவி, பையன் மூவரும் சேர்ந்து 430. ஐம்பது பவுண்டு தீவன மூட்டைகள் ஆறு, அது 300. இவ்வளவு எடையுள்ள டிரெய்லருக்கு, பாரத்தை முன் அச்சுக்கும் பகிர்ந்து தரும் தனிக் கொக்கி அமைப்பு வேண்டும், அதுவே 100. ஆக 1,650 பவுண்டு. இழுதிறனில் பாதியைச் சுற்றியே வரும் ஒரு டிரெய்லர், சுமைதிறன் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. இதற்குப் பிறகு நான் பார்க்கப் போன ஒவ்வொரு வண்டியிலும் எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன் கதவைத் திறந்தேன். விற்பனையாளர்கள் இருவர் என்னை விநோதமாகப் பார்த்தார்கள்.

முதலில் அடிபட்டது ராம். மனத்தளவில் எனக்கு அதுதான் மிகவும் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற பிக்கப்புகள் பின்னச்சுக்குக் கமான் பட்டையையே நம்பியிருந்த 2009இலேயே ராம் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது. வெற்று வண்டியாக ஓட்டும்போது நால்வரில் அதற்கு இணை இல்லை, உள்ளலங்காரமும் அப்படித்தான். நாங்கள் பார்த்தது, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் தொங்கலமைப்பு (ஏர் சஸ்பென்ஷன்) கொண்ட லிமிடெட் தரம். நிறுத்தியதும் வண்டி தானாகத் தாழ்ந்து கொடுக்கும் என்பதால், ஆண்டுக்கொரு முறை ஊரிலிருந்து வரும் என் அம்மாவின் முழங்காலுக்கு உகந்தது என்று மனைவி அதிலேயே நின்றாள். தூணில் இருந்த எண் 1,240. எங்கள் கணக்குக்கு 410 பவுண்டு குறைவு. கண்ணாடிக் கூரை, மின் படிக்கட்டு, பெரிய சக்கரங்கள், தோல் இருக்கைகள் எல்லாம் அந்த எண்ணைத் தின்றே வருகின்றன. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடைக்கு உச்சவரம்பு ஒன்று இருப்பதால், வண்டி தன் மேல் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு நகையும் நம் சுமையிலிருந்துதான் போகிறது. கீழ்நிலைத் தரத்து ராமில் எண் கூடும். ஆனால் அப்போது நம்மை மயக்கிய ராம் அது இல்லை. காற்றுப் பைகள் உத்தரவாதக் காலம் முடிந்தபின் என்ன செலவு வைக்கும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியாது. மெக்கானிக்குகள் முகம் சுளித்ததை மட்டும் பார்த்தேன்.

டண்ட்ராவைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களில் சொல்லவே வேண்டாம். டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், விற்கும்போதும் விலை விழாது என்பது நம்மிடையே ஏறக்குறைய வேதவாக்கு. 2021 வரை வந்த 5.7 லிட்டர் வி8 டண்ட்ராவைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. 2022இல் வண்டி முழுதாக மாறியது. வி8 போய் இரட்டை டர்போ வி6 வந்தது, பின்பக்கம் சுருள் ஸ்பிரிங் வந்தது. எஞ்சினைக் கடைந்தபோது உள்ளே தங்கிய உலோகத் துகள்கள் தாங்கிகளை (பேரிங்) கெடுக்கக்கூடும் என்று, 2022, 2023 மாடல் வண்டிகள் ஏறத்தாழ 1,02,000ஐத் திரும்ப அழைத்து 2024 மே மாதத்தில் அறிவிப்பு வந்தது. எஞ்சினையே மாற்றித் தர நிறுவனம் முன்வந்தது நேர்மைதான். ஆனால் பழைய வி8 சம்பாதித்த பெயருக்கு உரிய விலையைப் புதிய வி6க்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் பார்த்த கலப்பின (ஹைபிரிட்) டண்ட்ராவின் எண் 1,400ஐச் சற்றே தாண்டியிருந்தது; கலப்பினம் அல்லாத சாதாரணத் தரத்தில் ஒன்று 1,600ஐ ஒட்டி வந்தது. அதுவும் போதவில்லை. துருப்பிடிக்காத கலவைப்பொருள் தொட்டி மட்டும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சான் அன்டோனியோவில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், செய்யப்படும் வண்டி அது. இறக்குமதியாகும் இலகு ரக டிரக்குகளுக்கு 25 விழுக்காடு வரி 1964 முதல் இருக்கிறது. கோழி இறைச்சிக்கு ஐரோப்பியர்கள் போட்ட வரிக்குப் பதிலடியாக வந்தது அது. அமெரிக்காவில் பிக்கப் விற்க நினைப்பவர்கள் இந்தப் பக்கமே தொழிற்சாலை வைப்பதற்கு அந்தக் கோழிச் சண்டையும் ஒரு காரணம்.

சில்வராடோதான் உண்மையில் எஃப்-150க்கு எதிரே கடைசி வரை நின்றது. 5.3 லிட்டர் வி8, நடுத்தர எல்டி தரம், எண் 1,700க்குச் சற்று மேல். எஃகுத் தொட்டி, பம்பரின் மூலையிலேயே கால் வைத்து ஏறும் படி, நிறையக் கட்டு வளையங்கள். வேலை செய்பவனை நினைத்துக் கட்டிய வண்டி என்பது தெரிகிறது. என்னைத் தயங்க வைத்தது, சுமை இல்லாத நேரத்தில் சில சிலிண்டர்களை உறங்க வைக்கும் அமைப்பு. அதில் வால்வுகளைத் தூக்கும் லிஃப்டர்கள் பழுதாவது பற்றிப் பழுதுபார்ப்போர் பலரும் பேசுகிறார்கள். என்னைவிட அதிகம் அறிந்த ஒருவர் இதையெல்லாம் மீறி அதை வாங்கியிருந்தால் நான் வாதாட மாட்டேன். ஒரு மணி நேரம் ஓட்டியதைத் தவிர எனக்கு அதில் அனுபவம் இல்லை. அண்ணன் எஞ்சினான 6.2 லிட்டர் வி8 மீது எனக்கு ஒரு கண் இருந்தது. 2025 ஏப்ரலில், அந்த எஞ்சின் கொண்ட 2021 முதல் 2024 வரையிலான பிக்கப்புகளும் பெரிய எஸ்யூவிகளுமாக ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகளுக்கு அமெரிக்காவில் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்தபோது, அந்தக் கண்ணை மூடிக்கொண்டதற்காக நிம்மதி அடைந்தேன். அதில் என் அறிவு எதுவும் இல்லை. விலை கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

இனி எஃப்-150. 2015 மாடல் முதல் இதன் உடலும் தொட்டியும் அலுமினியம், சட்டகம் எஃகு. அந்த ஆண்டு மாற்றத்தில் 700 பவுண்டு வரை எடை குறைந்ததாக நிறுவனம் சொன்னது. வண்டி மெலிந்தால் சுமைக்கு இடம் கிடைக்கும் என்பதே இதில் எனக்குப் பயன்பட்ட செய்தி. எக்ஸ்எல்டியில் நகைகளும் குறைவு. துணி இருக்கை, சாதாரணக் கூரை, 18 அங்குலச் சக்கரம். தூணில் 800 கிலோ, 1,763 பவுண்டு என்றிருந்தது. 5.0 லிட்டர் எஞ்சின் 400 குதிரைத்திறன் தருகிறது, டர்போ இல்லை; பத்தாண்டு வைத்திருக்க நினைப்பவனுக்கு உள்ளே பாகங்கள் குறைவாக இருப்பது ஓர் ஆறுதல். அது சரியான ஆறுதலா என்பதை இப்போது 31,000 மைலில் இருக்கும் வண்டியை வைத்துச் சொல்ல முடியாது.

சபலம் ஒன்றும் இருந்தது. இதே எஃப்-150இன் கலப்பின வகையில் 7.2 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் வசதியைக் கேட்டுப் பெறலாம். 240 வோல்ட் இணைப்பும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்து மின்சாரம் போனபோது, இந்த வண்டிகளை வைத்து வீட்டுக்கு விளக்கேற்றியவர்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கிணற்று மோட்டாரை நம்பி வாழும் எங்களுக்கு அது சாதாரணச் சபலம் இல்லை. ஆனால் மின்கலமும் மோட்டாரும் ஏறிய வண்டியின் தூணில் எண் குறைந்திருந்தது. கடைசியில் 2 கிலோவாட் வசதியுள்ள பெட்ரோல் வண்டியை எடுத்தோம். குளிர்சாதனப் பெட்டியும் சில விளக்குகளும் ஓடும். கிணற்றுக்குத் தனியாக ஒரு ஜெனரேட்டர் வாங்கியாயிற்று.

அலுமினியத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கே வசந்த காலத்தில் எலுமிச்சை அளவு ஆலங்கட்டி விழும். எஃகில் விழுந்த குழியைத் தட்டி எடுப்பது போல அலுமினியத்தைத் தட்டி எடுக்க முடியாது. தனிக் கருவிகளும் தனிப் பயிற்சியும் வேண்டும், கூலியும் கூடுதல். என் வண்டி இதுவரை தகரக் கொட்டகைக்குள் தப்பித்திருக்கிறது. திறந்த வெளியில் நிறுத்துபவர் இதை என்னைவிடக் கவனமாக எடைபோட வேண்டும். மறுவிற்பனையில் டண்ட்ராவைவிட எஃப்-150 கீழே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் சுமக்க வாங்கினேன். விற்க நினைத்து வாங்கவில்லை.

இவ்வளவு சுமை இருக்கிறதே, பேசாமல் இன்னும் கனமான சுமைக்கான எஃப்-250 எடுத்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. டிரெய்லர் இன்னும் ஆயிரம் பவுண்டு கூடியிருந்தால் எடுத்திருப்பேன். பள்ளிக்கும் கடைக்கும் தினமும் அந்த இறுக்கமான தொங்கலமைப்பில் குலுங்கிப் போக மனைவி சம்மதிக்கவில்லை.

வாங்கிய பிறகு லாரிகள் நிற்கும் இடத்து எடைமேடையில் டிரெய்லரோடு ஒரு முறையும் டிரெய்லர் இல்லாமல் ஒரு முறையும் ஏற்றிப் பார்த்தேன். தாளில் 820 என்று போட்ட முன்பாரம் மேடையில் 910 என்று வந்தது. டிராக்டரின் வாளி முன்னுக்கு நீட்டிக்கொண்டிருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. மொத்தம் 1,740, எல்லைக்கு 23 பவுண்டுதான் மிச்சம். டிராக்டரைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக் கட்டியதும் 840க்கு இறங்கியது. டிசம்பரில் அம்மா வருகிறார். அவர் ஏறினால் மறுபடியும் எல்லை தாண்டும் என்பதால், அவர் இருக்கும் வரை தீவன மூட்டைகள் தொட்டியிலிருந்து இறங்கி டிரெய்லரின் அச்சுக்கு நேர் மேலே பயணம் செய்யும்.