ரெட் ஃபேக்டர் கேனரிக் குஞ்சு வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

போன ஜனவரியில் சென்னையில் ஒருவரிடம் ரெட் ஃபேக்டர் கேனரி (சிவப்பு நிறக் கேனரிப் பறவை வகை) என்று ஒரு ஜோடிக் குஞ்சு வாங்கினேன். 9,000 ரூபாய். ஆறு வாரக் குஞ்சு என்றார். தாய் தகப்பனைக் காட்டச் சொன்னேன். அடையில் இருக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது என்றார். நியாயமாகத்தான் பட்டது. காலில் ரிங் (வளர்ப்பவர் மாட்டிவிடும் அடையாள வளையம்) இல்லை, அதையும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் வெள்ளைக் கிண்ணத்தில் குளிக்கத் தண்ணீர் வைத்தேன். இரண்டும் முங்கி முங்கி எழுந்து, சிறகை உதறிவிட்டுப் போய்க் கம்பியில் உட்கார்ந்தன. கிண்ணத்தைப் பார்த்தால் ரஸ்னா கரைத்த மாதிரி ஆரஞ்சுத் தண்ணீர். பறவையைக் கையில் பிடித்து மார்பு இறகை ஊதி விலக்கினேன். தோலிலும் திட்டுத் திட்டாகச் சாயம். வயிறு எரிந்தது.

போன் செய்தேன். "பதினஞ்சு நாளா கலர் ஃபீட் குடுக்கிறேன் அண்ணே, அதான் கலர் விடுது" என்றார்.

அந்த ஒரு பதிலிலேயே பொய் தெரிந்துவிட்டது. கலர் ஃபீட் என்பது இறகுக்கு நிறம் ஏறக் கொடுக்கும் தீவனம். அதில் இருக்கும் கேந்தாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமி, ரத்தம் வழியாக வளர்ந்துகொண்டிருக்கும் இறகுக்குத்தான் போகும். முற்றிய இறகில் ஏறாது, தண்ணீரில் கரைந்தும் வராது. ஆறு வாரத்தில் உடம்பெல்லாம் சிவப்பாக இருக்க வேண்டுமானால், குஞ்சு கூட்டில் இருக்கும்போதே தாய் தகப்பன் அதைத் தின்று ஊட்டியிருக்க வேண்டும். தனியே தின்னத் தொடங்கிய பிறகு கொடுத்தால், முதல் இறகு உதிர்ப்பில்தான் உடம்பு சிவக்கும். சிறகின் நீள இறகும் வாலும் அந்த முறை உதிராது, வெளிறியே நிற்கும். வாங்கும்போது சிறகை விரித்துப் பாருங்கள்.

இறகு உதிர்ந்து முளைத்ததும் இரண்டும் எலுமிச்சை மஞ்சள். கலர் ஃபீடை நிறுத்தியதால் மங்கிவிட்டது என்றார். அசல் ரெட் ஃபேக்டர் மங்கினாலும் ஆரஞ்சுச் சாயல் போகாது. அந்தச் சிவப்பு, 1920களில் ஜெர்மனியில் வெனிசுவேலாவின் ரெட் சிஸ்கின் குருவியோடு கேனரியைக் கலந்து கொண்டுவந்த மரபு.

இன்னொன்று. அதே ஆள், கூட்டில் கண் திறக்காத குஞ்சுகளைப் படம் எடுத்து அனுப்பி, இது ரெட், இது யெல்லோ என்கிறார். இரண்டுக்குமே தோல் ரோஸ் நிறம்தான், பார்த்துப் பிரிக்க முடியாது. பச்சை கேனரிக் குஞ்சென்றால் தோலும் பூஞ்சிறகும் கறுத்திருக்கும். சின்னமன் எனப்படும் பழுப்பு வகைக் குஞ்சுக்கு முதல் சில நாள் மூடிய இமைக்கு அடியில் கண் செம்மையாகத் தெரியும். ரெட்டுக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை. தாய் தகப்பனை நேரில் பார்ப்பது ஒன்றுதான் வழி.

பணம் திரும்ப வரவில்லை, என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். போன வாரம் வேறு நம்பரிலிருந்து அவரிடம் நான் பார்த்த அதே கூண்டு, அதே நீலக் கிண்ணம் தெரியும் படத்தோடு "ரெட் ஃபேக்டர் குஞ்சு, ஜோடி 8,500" என்று ஒரு விளம்பரம் வந்தது. கேட்டுப் போகிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள்.