மதுரையில் ஒரு ஸ்லீப் ஸ்டடி

குறட்டைக்கு மருத்துவம் பார்க்கிறேன் என்றால் ஊரில் இன்னும் சிரிக்கிறார்கள். குறட்டை கிடக்கட்டும், நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மனைவி சொன்னதுதான் எனக்குக் கவலை. மெல்பேர்னில் குடும்ப மருத்துவர், பகலில் எவ்வளவு தூக்கம் வருகிறது என்று கணக்கிடும் எப்வொர்த் படிவத்தை நீட்டினார். அதே நகரத்தின் எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய மர்ரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்டது. எட்டுக் கேள்விகள், மொத்தம் 24 மதிப்பெண். பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது என்று பொருள். தாண்டிவிட்டேன். அடுத்தது ஸ்லீப் ஸ்டடி, அதாவது இரவு முழுக்கத் தூக்கத்தையும் மூச்சையும் அளக்கும் சோதனை. டிசம்பரில் மதுரைக்குப் போவதால் அதை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

மதுரையில் நுரையீரல் மருத்துவர் முதலில் கேட்டது, "எப்போது வந்து இறங்கினீர்கள்?" டிசம்பரில் மெல்பேர்ன் கடிகாரம் நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. வந்த புதிதில் நள்ளிரவு தாண்டியதும் விழிப்புத் தட்டிவிடும். கனவுத் தூக்கம் பெரும்பாலும் பின்னிரவில்தான் வரும். மூச்சுத் தடை பலருக்கு அப்போதுதான் மோசமாகும். அந்த நேரத்தில் விழித்துக் கிடந்தால் என்னத்தை அளப்பது? உடம்பு ஊர் நேரத்துக்குப் பழகிய பிறகு வரச் சொன்னார். விடுமுறையில் வருகிறவர்கள் இறங்கிய கையோடு தேதி வாங்காதீர்கள்.

தலையில் எண்ணெய் கூடாது, மதியத்துக்குப் பிறகு காபி கூடாது என்றார்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் மண்டையில் மின்முனை ஒட்டாதாம். சோதனை நாளோ சனிக்கிழமை. எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற அம்மாவைச் சமாளிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

டெக்னீஷியன் பெண் பொறுமைசாலி. தலை, கண்ணோரம், தாடை, கால் என்று ஒயர்களை ஒட்டி, மூக்கில் மெல்லிய குழாயும் விரலில் ஆக்சிஜன் கிளிப்பும் மாட்டினார். மார்பிலும் வயிற்றிலும் பட்டை எதற்கு என்று கேட்டேன். "மூக்கில் காற்று நின்றபோதும் பட்டைகள் அசைந்தால் தொண்டையில் அடைப்பு, சார். பட்டையும் அசையாவிட்டால் மூளையே மூச்சுவிடச் சொல்லவில்லை என்று அர்த்தம்." இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

துணைக்கு ஆள் கட்டாயம் என்பதால் மாமா வந்திருந்தார். நடுராத்திரியில் டெக்னீஷியன் வந்து அவரை எழுப்பினார். "ஐயா, மைக்கில் உங்கள் குறட்டைதான் பதிவாகிறது. வெளியே படுத்துக்கொள்கிறீர்களா?" மாமா என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, நான் எங்கே தூங்கினேன்?" என்றார்.

ரிப்போர்ட்டில்தான் வருத்தம். ஒரே ஒரு தாள். நடுவில் ஓர் எண். ஒரு மணி நேரத் தூக்கத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு அது. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஆனால் மூச்சுக் குறைவை எண்ணுவதற்கு இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒன்றில் ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ போதும். மற்றதில் 4 சதவீதம் இறங்கியே ஆக வேண்டும். ஒரே இரவை இரண்டு விதமாக எண்ணினால், ஒருவரே நடுத்தரமும் ஆகலாம், லேசும் ஆகலாம். எந்த விதி என்று தாளில் இல்லை. கவுன்டரில் கேட்டால், "டாக்டருக்கு அது போதும்" என்ற பதில்தான். பிடிவாதமாக நின்ற பிறகே விதி, மல்லாந்தும் ஒருக்களித்தும் படுத்தபோது வந்த எண்கள், கனவுத் தூக்கத்தின் எண் எல்லாம் அடங்கிய முழு ரிப்போர்ட் கிடைத்தது. வெளிநாட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டுமானால் இதை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மூச்சுக் கருவியை விற்பவர் ஒருவர் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே வாசலில் காத்திருந்தார். விலை கட்டுப்படியாகத்தான் இருந்தது. ஆனாலும் வாங்கவில்லை. முகமூடியின் அளவு பார்ப்பது, காற்றழுத்தத்தைச் சரிசெய்வது, பழுது நீக்குவது எல்லாவற்றுக்கும் நான் மெல்பேர்னில்தான் ஆள் தேட வேண்டும்.