வெதர்கான் செயலி: வீடிருக்கும் ஊரை மட்டும் போட்டு வைத்தால் போதாது

கனடாவில் குளிர்காலத்தில் கார் ஓடுகிற எல்லோருடைய போனிலும் இருக்க வேண்டிய செயலி எது என்று கேட்டால் யோசிக்காமல் வெதர்கானைத்தான் சொல்வேன். கனடா அரசின் சுற்றுச்சூழல் திணைக்களம் 2019 இல் வெளியிட்டது, இலவசம், விளம்பரம் கிடையாது. பனிப்புயல், உறைமழை (விழுந்ததும் ஐஸாக உறைகிற மழை), கடுங்குளிர் என்று எச்சரிக்கை விடுகிற அதே திணைக்களத்தின் கையிலிருந்து நேரே வருகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. போனோடு வருகிற மற்ற வானிலைச் செயலிகள் சூரியன் படமும் ஒரு வெப்பநிலையும் காட்டுவதோடு நின்றுவிடும், எச்சரிக்கை இருந்தாலும் அதை எங்கோ ஒரு மூலையில் சின்னதாகப் போட்டிருப்பார்கள்.

நான் இதற்கு மாறியதற்கு ஒரு பயணம் காரணம். ஒரு தை மாதச் சனிக்கிழமை, ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற பாரியில் அக்கா வீட்டுக் குடிபூரல். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் வெளிக்கிடும்போது வானம் நீலமாக இருந்தது, போனில் இருந்த செயலியிலும் நல்ல வெயில். அம்மா, மனைவி, பின்னால் இரண்டு பிள்ளைகள். 400 நெடுஞ்சாலையில் ஏறி பிராட்ஃபோர்ட் தாண்டும் வரைக்கும் ஒன்றுமில்லை, அதற்குப் பிறகு ஒரு வெள்ளைத் திரையைக் கொண்டுவந்து யாரோ காருக்கு முன்னால் விரித்த மாதிரி, முன்னே போன வேனின் சிவப்பு லைற் அப்படியே மறைந்துவிட்டது. நிற்கவும் ஏலாது, பின்னால் வருகிறவன் இடிப்பான். ஓடவும் ஏலாது, முன்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. கடைசிப் பதினைந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அம்மா தேவாரம் சொல்லிக்கொண்டே வந்தார். போய்ச் சேர்ந்ததும் அத்தான் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் வோர்னிங் பார்க்கேல்லையோ?" முதல் நாள் இரவே அந்தப் பக்கத்துக்கு ஸ்நோ ஸ்குவோல் எச்சரிக்கை விட்டிருந்தார்களாம். ரொறன்ரோவுக்கு ஒன்றும் விடவில்லை, ஏனென்றால் ரொறன்ரோவில் ஆபத்து இல்லை. நான் பார்த்தது ரொறன்ரோவை மட்டும்.

இந்த ஸ்நோ ஸ்குவோலை விளங்கிக்கொண்டால் செயலியை எப்படிப் பாவிக்க வேண்டும் என்பதும் தானாக விளங்கும். மார்கழி, தை மாதங்களில் ஹியூரன் ஏரியும் ஜோர்ஜியன் குடாவும் முழுதாக உறைந்திருக்காது. மேலே வீசும் காற்று கடுங்குளிர், கீழே தண்ணீர் அதைவிடச் சூடு, காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு கரைக்கு வந்து ஒடுங்கிய பட்டி பட்டியாகப் பனியைக் கொட்டும். பட்டிக்கு வெளியே வெயில், உள்ளே போனால் கை நீட்டினால் கை தெரியாது. 2014 மாசியில் இதே 400 இல், இனிஸ்ஃபில் பக்கம், ஏறத்தாழ நூறு வாகனங்கள் ஒன்றோடொன்று மோதிக் கிடந்தன. 2010 மார்கழியில் சார்னியா பக்கம் 402 நெடுஞ்சாலையில் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, இராணுவ ஹெலிகொப்டர் வந்து ஆட்களைத் தூக்க வேண்டியிருந்தது.

ஆகவே வெதர்கானில் வீட்டை மட்டும் சேமித்து வைத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. போகிற வழியில் உள்ள ஊர்களையும் சேருங்கள். நான் வோன், பிராட்ஃபோர்ட், இனிஸ்ஃபில், பாரி நாலையும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை அறிவிப்பைத் திறந்து வைத்திருக்கிறேன். மொன்றியல் போகிறவர்கள் கிங்ஸ்ரன், கோர்ன்வால் போடலாம். நீங்கள் இருக்கிற இடத்தைத் தானாகப் பின்தொடரும் வசதியும் உண்டு, ஆனால் அது நீங்கள் அந்த இடத்துக்குப் போன பிறகுதானே சொல்லும். வெளிக்கிட முதல் ரேடார் படத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள், ஏரியிலிருந்து நீளமாக நாக்கு நீட்டின மாதிரி ஒரு கோடு 400 ஐ வெட்டிக்கொண்டு நின்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

2025 நவம்பரில் எச்சரிக்கைகளுக்கு நிறம் கொடுத்தார்கள், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று. நல்ல மாற்றம். முன்பு 12 மணித்தியாலத்தில் 15 சென்ரிமீற்றர் என்கிற மாதிரி அளவுக் கணக்கைத்தான் பார்ப்போம், இப்போது அந்த வானிலை ஆட்களை என்ன செய்யும் என்பதையும் சேர்த்து நிறம் சொல்கிறது. ஒரே ஒரு ஆபத்து, எங்கள் ஆட்கள் பலர் மஞ்சளைச் சிக்னல் லைற் மஞ்சள் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள், "மஞ்சள்தானே, போகலாம்" என்று. அப்படி இல்லை. வருகிற எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை மஞ்சளாகத்தான் இருக்கும், அந்த மஞ்சளுக்குள்ளேயே கார் பள்ளத்துக்குள் போகிற அளவு பனி இருக்கலாம். நிறத்தோடு நிற்காமல் கீழே உள்ளதையும் தட்டி வாசியுங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது ஓயும், காற்று எவ்வளவு.

உறைமழைக்கு மஞ்சள் வந்தாலே நான் காரைத் தொடுவதில்லை. பனி கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. றோட்டு நனைந்திருக்கிற மாதிரித்தான் இருக்கும், பிரேக்கில் கால் வைத்தால்தான் கண்ணாடி என்று தெரியும். 2013 நத்தாருக்கு முன் வந்த உறைமழை ஞாபகம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ரொறன்ரோவில் மட்டும் மூன்று இலட்சம் அளவு இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை, எங்கள் தெருவில் மரக்கிளைகள் வெடி வெடித்த மாதிரி முறிந்து விழுந்தன. குளிர் தாங்காமல் கரி அடுப்பையும் ஜெனரேற்றரையும் வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் வைத்தவர்கள் பலர், கார்பன் மொனொக்சைட்டால் ஒன்ராறியோவில் உயிர்களும் போயின. புதிதாக வந்த பிள்ளைகள் நிலவறை வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதை யாராவது சொல்லிவையுங்கள்.

இப்போது குறைகள். செயலி வானத்தைச் சொல்லும், றோட்டைச் சொல்லாது. றோட்டுக்கு ஒன்ராறியோ 511 வேண்டும், அதில் நெடுஞ்சாலை மூடியிருக்கிறதா, பனி மூடிக் கிடக்கிறதா என்பதோடு கமெராப் படங்களும் இருக்கும். நான் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பேன். இரண்டையும் வீட்டில் இருந்தே பாருங்கள், ஓடும்போது போனைக் கையில் எடுக்காதீர்கள்.

பெரிய குறை மொழி. ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். உத்தியோகபூர்வ மொழிகள் என்பது சரி, ஆனால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் காலமை கோயிலுக்கு நடந்து போகிற எங்கள் அம்மா அப்பாமாருக்கு "ஃப்ளாஷ் ஃப்ரீஸ்" என்று போனில் வந்தால் என்ன செய்வார்கள்? நனைந்த நடைபாதை கொஞ்ச நேரத்தில் ஐஸாக மாறும் என்பதுதான் அதற்கு அர்த்தம், இடுப்பெலும்பு முறிகிறது இப்படியான நாட்களில்தான். என் அம்மாவுக்கு நான் எச்சரிக்கை வந்ததும் தமிழில் குரல் பதிவு அனுப்புகிறேன், அவர் அதைத் தன் சிநேகிதிகள் குழுவில் போடுகிறார். நான் இரவு வேலையில் இருக்கிற நாட்களில் அந்தக் குழுவுக்கு யார் சொல்வது? நிறம் வந்ததால் இப்போது "அம்மா, இன்றைக்கு மஞ்சள்" என்றாலே விளங்குகிறது, அந்தளவுக்கு நன்மை.

இன்னொன்று, இது செயலியின் குறை இல்லை. எச்சரிக்கை இருந்தும் வேலைக்கு வரச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன. நான் முன்பு வேலை செய்த ஒரு கிடங்கில், பஸ் ஓடாத நாளில் வராதவர்களுக்கு அடுத்த கிழமை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற மாணவர்கள் பழைய ரயரோடு இந்த றோட்டில் ஓடுகிறார்கள். தம்பிமார், ஏழு பாகைக்குக் கீழே போனாலே சாதாரண ரயரின் றப்பர் இறுகத் தொடங்கிவிடும், வின்ரர் ரயர் போட்டால் ஒன்ராறியோவில் காப்புறுதியிலும் கொஞ்சம் குறைப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். தமிழில் வருகிற அன்றைக்கு ஐந்தும் கொடுப்பேன். போன குளிரில் அக்காவின் மகளுக்குப் பிறந்தநாள், வெள்ளிக்கிழமை பின்னேரம் இனிஸ்ஃபிலுக்கு மஞ்சள் வந்தது, பாரிக்கும் வந்தது, ஸ்காபரோவில் வழக்கம் போல நீல வானம். அக்காவுக்குப் போன் அடித்து வரவில்லை என்றேன். கேக்கை வீடியோவில் வெட்டினார்கள், அடுத்த ஞாயிறு போய் மிச்சத்தைச் சாப்பிட்டோம்.