கிளிநொச்சியில் இருந்து வெளிநாட்டு ஹோட்டல் பதிவு செய்பவர்கள் கவனம்: என் 168,000 ரூபாய் போன கதை

கனடாவில் இருந்து திரும்பி வந்து ஆறு நாள்தான். கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொலிசில் முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இப்ப போடவில்லை. மாடியில் ஒரு சின்ன அறை, விமான ரிக்கெற், விசா, ஹோட்டல் எல்லாம் செய்து தருவோம் என்று பலகை. அப்படிப்பட்ட இடம்.

அக்கா ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் இருக்கிறா. மகளுக்குக் கலியாணம் என்று கூப்பிட்டா. அங்கே வீடு இருக்க ஹோட்டல் எதற்கு என்று கேட்பீர்கள், அக்காவும் அதைத்தான் கேட்டா. காரணம் அப்பா. அவர் ரயில்வேக்காரர், மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் நின்றவர். 1990இல் யுத்தத்தால் ரயில் நின்று, பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர் மூடப் போனதைக் கண்ணால் பார்த்தவர். 2013இல் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தபோது அவர் இல்லை.

"கனடாவில ரயில் கொம்பனி தண்டவாளம் மட்டும் போடேல்லை பிள்ளை, இறங்கிற சனம் படுக்க மாளிகையும் கட்டினது" என்பார். கனேடியன் பசிபிக் கொம்பனியைச் சொல்கிறார். மலை ஏற்றத்தில் சாப்பாட்டுப் பெட்டியை இழுக்க முடியாமல் வழியில் சாப்பாட்டுக்காகக் கட்டிய சின்ன விடுதிகளில் தொடங்கினார்களாம். பிறகு 1888இல் பான்ஃப், 1893இல் கியூபெக், 1929இல் ரொறன்ரோவில் றோயல் யோர்க். 28 மாடி, திறந்த நேரம் பிரித்தானிய சாம்ராஜ்யத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். ஆயிரத்துக்கும் மேலே அறைகள், ஒவ்வொன்றிலும் குளியலறையும் ரேடியோவும். யூனியன் ஸ்டேஷனுக்கு நேரே முன்னால், நிலத்துக்குக் கீழாலும் பாதை. அப்பா கடைசிவரை கொழும்பைத் தாண்டியதில்லை. அவருக்காக நான் இரண்டு இரவு அங்கே படுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆடம்பரம்.

பதிவு செய்து தருகிற அந்த மாடிக் கடைக்காரத் தம்பி என் தையல் கடைக்கே வந்தான். தேத்தண்ணி கொடுத்தேன். விலை கேட்டுவிட்டு நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, "உங்கட அப்பா ஸ்டேஷனில நிண்டவர் எல்லே அக்கா? என்ர அப்பா அவரைப் பற்றிக் கதைக்கிறவர்" என்றான். அந்த இடத்தில் விழுந்தேன். இப்போது யோசித்தால், கடைச் சுவரில் சீருடையோடு அப்பாவின் படம் மாலை போட்டுத் தொங்குகிறது, அதைப் பார்த்தே சொல்லியிருப்பான். சீட்டுக் காசு, 33 ஐயாயிரம் தாளும் மூன்று ஆயிரம் தாளும். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணினான். பேங்கில் போட்டால் பிந்தும் அக்கா, கையில தாங்கோ என்றான். தந்தேன்.

நான் ஒரு சாரிச் சட்டை தைக்க 1,200 ரூபாய் வாங்குகிறேன். 168,000 என்றால் 140 சட்டை.

கலர் தாளில் அச்சடித்துப் பதிவுப் பத்திரம் தந்தான். அக்காவின் மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள்: "சின்னம்மா, இந்தப் படம் கியூபெக் ஹோட்டல். ரொறன்ரோவில இப்பிடி ஆற்றங்கரை எங்க இருக்கு?" படம் மாறியிருக்கும் என்று நானே சமாதானம் சொன்னேன். எவ்வளவு விசரி பாருங்கள்.

ஹோட்டல் கவுண்டரில் நின்ற பிள்ளை பொறுமையாகத் தேடிப் பார்த்தாள். பதிவு இருந்திருக்கிறது. ஆனால் ஒரு சதமும் கட்டாத, வந்து கட்டுகிற வகைப் பதிவு. நான் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் அதை ரத்துச் செய்திருக்கிறார்கள். அன்றைக்கு அறை எடுப்பதென்றால் புதிதாகக் கட்ட வேண்டும், உத்தரவாதத்துக்கு கிரெடிற் கார்ட்டும் வேண்டும். "கார்ட் ஒண்டும் கேக்கமாட்டினம்" என்று இவன் சொல்லியிருந்தான். உடுப்புப் பெட்டியோடு அந்தப் பெரிய மணிக்கூட்டுக்குக் கீழே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு ரயில் ஏறி ஸ்காபரோ போனேன்.

வந்த பிறகு நடந்தது அதைவிட மோசம். முதல் நாள் "சிஸ்டம் பிரச்சினை அக்கா". அடுத்த நாள் காசு கொழும்புக்குப் போய்விட்டதாம், 14 வேலை நாள் வேண்டுமாம். மூன்றாம் நாள் மேசையில் இருந்த பிள்ளை தலை நிமிராமல் "சேர் வெளியில" என்றாள், உள்ளே அவன் இருமுகிற சத்தம் கேட்கிறது. வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. நேற்று மட்டும் ஒரு பதில்: 50,000 தாறன், மிச்சத்தை அடுத்த பயண ரிக்கெற்றில் கழிப்பமாம். அடுத்த பயணமா? 168,000 என்னுடையது, முழுதாக வேண்டும்.

ரிசீற்றைக் காட்டினால் அதில் "முற்பணம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஹோட்டல் பெயரும் இல்லை, சீலும் இல்லை. அதை அப்போது வாசிக்காதது என் பிழை.

என்ன செய்ய வேண்டும் என்று விபரமாக எழுத நினைத்தேன், நேரம் இல்லை. கையில் காசு கொடுக்காதீர்கள், பேங்கில் போடுங்கள். பதிவு இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், காசு கட்டியாகிவிட்டதா என்று ஹோட்டலுக்கே கோல் எடுத்துக் கேளுங்கள், புறப்படும் நாளிலும் திரும்பக் கேளுங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே செய்யச் சொல்லுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் கோல் எடுங்கள்.

ஒன்பது மணியாகிறது, கடை திறக்க வேண்டும். பதினொரு மணிக்கு மூடிவிட்டு மறுபடி அந்தப் படி ஏறப் போகிறேன். இன்றைக்கு அவன் வெளியில் வரும் வரைக்கும் இருக்கப் போகிறேன், தைக்கிற துணியையும் கொண்டுதான் போகிறேன்.